சிறிய கார்களின் பாதுகாப்பு ரீகால்களும் உரிமையாளர் புகார்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய கார் வைத்திருப்பவர்களும், பழைய சிறிய கார் ஒன்றை வாங்க நினைப்பவர்களும் ரீகால் பற்றியும் புகார் பதிவது பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஒரு குறை எப்படி வெளிச்சத்துக்கு வருகிறது, உரிமையாளர் எழுதித்தரும் சில வரிகள் அதில் என்ன வேலை செய்கின்றன என்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் புகார் எழுதுவதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ரீகால் என்றால் என்ன? காரைத் தயாரிப்பாளர் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரா?

ஒரே மாடலைச் சேர்ந்த பல கார்களில், வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ நேர்ந்த ஒரு குறை, ஓட்டுபவருக்கோ உடன் வருபவருக்கோ சாலையில் செல்பவருக்கோ ஆபத்தை விளைவிக்கக்கூடும் என்று தெரியவரும்போது, அந்தக் கார்களை வரவழைத்துத் தன் செலவில் குறையை நீக்கித்தரத் தயாரிப்பாளர் செய்யும் ஏற்பாடே பாதுகாப்பு ரீகால். அரசின் பாதுகாப்புத் தரவிதி ஒன்றை அந்த மாடல் நிறைவு செய்யவில்லை என்று தெரிந்தாலும் ரீகால் வரும். கார் உங்களுடையதாகவே இருக்கும். ஒரு பாகத்தை மாற்றுவார்கள், அல்லது பழுது பார்ப்பார்கள், அல்லது மென்பொருளைப் புதுப்பித்து அனுப்புவார்கள். எந்த வகையிலும் சரிசெய்ய முடியாத குறை என்றால்தான் மாற்று வண்டியோ பணமோ தரும் நிலை வரும். அது அரிதாகவே நடக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் துண்டை மாட்டுவதற்கா ரீகால்? இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

செய்யும் வேலை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. 2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் ஜாஸ், ஃபிட், சிட்டி ஆகிய பெயர்களில் உலகெங்கும் விற்ற சிறிய கார்களில் சுமார் 6,46,000 வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. ஓட்டுநர் பக்க ஜன்னல் வழியாக மழைநீரோ வேறு திரவமோ பவர் விண்டோ சுவிட்சுக்குள் இறங்கினால், உள்ளே மின்கோளாறு ஏற்பட்டு, சுவிட்ச் சூடேறிப் புகைந்து, தீப்பிடிக்கவும் கூடும் என்பதே அந்தக் குறை. நீர் இறங்காதபடி ஓர் உறையைப் பொருத்துவதும், ஏற்கெனவே கெட்டுப்போன சுவிட்சை மாற்றுவதும்தான் தீர்வு.

அதற்கும் பல்லாண்டுகள் முன்பு, 1978ல், ஃபோர்டு பின்டோ என்ற சிறிய காருக்கு அமெரிக்காவில் நடந்த ரீகாலும் இப்படிப்பட்டதே. அந்தக் காரின் பெட்ரோல் டேங்க் பின்அச்சுக்கும் பின்பக்க பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினால் டேங்க் நசுங்கிக் கிழியவும், எரிபொருள் நிரப்பும் குழாய் பிடுங்கிக்கொண்டு வரவும் வாய்ப்பு இருந்தது. சுமார் 15 லட்சம் கார்கள் வரவழைக்கப்பட்டு, டேங்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பும், முன்பைவிட நீளமான நிரப்புக் குழாயும் பொருத்தப்பட்டன. தீயில் உயிர்கள் போன பிறகு வந்த தீர்வு அது. பொருத்த வேண்டியிருந்ததோ ஒரு தடுப்பும் ஒரு குழாயும் மட்டுமே என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

என் காரில் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ரீகால் வேலைக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

போக வேண்டும். ரீகாலுக்கு உள்ளாகும் பாகங்களில் பல, தேவைப்படும் அந்த ஒரு நொடி வரை எந்த அறிகுறியும் காட்டாதவை. இதற்குத் தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விடத் தெளிவான உதாரணம் இல்லை. ஏர்பேக்கை ஊதச் செய்யும் இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குடுவைக்குள் அந்நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க ஏறி இறங்க அந்த வேதிப்பொருள் சிதைந்து, விபத்தின்போது எரிய வேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் எரியும். அப்போது குடுவை வெடித்து, உலோகச் சில்லுகள் பயணியின் முகத்திலும் கழுத்திலும் பாயும். லேசான மோதலில் உயிர் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். அங்கே திரும்ப அழைக்கப்பட்ட இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 6.7 கோடி.

இந்தக் குறை உள்ள காரை ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஸ்டீயரிங்கில் அதிர்வு இருக்காது, சத்தம் கேட்காது, டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. 2001 முதல் 2003 வரை வந்த சில ஹோண்டா, அக்யூரா கார்களில், சிவிக் உட்பட, ஏர்பேக் விரிய நேர்ந்தால் குடுவை வெடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருப்பதாக 2016 ஜூனில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸா எச்சரித்து, அவற்றை ஓட்டவே வேண்டாம் என்றது. ஜப்பானில் ஆபத்து மிகுந்த தகாட்டா ஏர்பேக்குகளை மாற்றாத கார்கள் 2018 மே முதல் கட்டாய வாகனச் சோதனையில் தேர்ச்சி பெற முடியாது என்று விதி வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் காரை வைத்திருப்பவர்கள் இந்த ரீகாலை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

என் கார் ரீகாலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாடல் பெயரையும் ஆண்டையும் வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். ஒரே மாதம் வந்த இரண்டு கார்களில் ஒன்றில் மட்டும் பழுதான பாகம் இருக்கலாம், ஏனென்றால் ஒரே பாகத்தை இரண்டு இடங்களிலிருந்து வாங்கும் வழக்கம் தயாரிப்பாளர்களுக்கு உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது சேசிஸ் எண் என்றும் வின் எண் என்றும் சொல்லப்படும் 17 இலக்க அடையாளம்தான். அது பதிவுச் சான்றிதழில் இருக்கும். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ்மூலையிலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலும் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம். நேர்க்கோடாகத் தெரிவது ஒன்று. தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அரசு இணையதளத்திலோ எண்ணை உள்ளிடும்போது பிழை நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒருமுறை பார்த்து “எதுவும் இல்லை” என்று வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். ரீகால் அறிவித்த உடனே எல்லா எண்களும் பட்டியலில் ஏறிவிடுவதில்லை. அதோடு, பத்தாண்டு ஓடிய பிறகும் புது ரீகால் வருவதுண்டு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்ப்பது நல்ல வழக்கம்.

எனக்குக் கடிதமோ அழைப்போ எதுவும் வரவில்லையே?

வராமல் போவதற்குக் காரணங்கள் பல. முதல் உரிமையாளர் கொடுத்த முகவரிக்கே கடிதம் போயிருக்கலாம், அல்லது நீங்கள் வீடு மாறியிருக்கலாம், அல்லது வெளியார் பட்டறையிலேயே காரைப் பார்த்துவருவதால் டீலரிடம் உங்கள் பெயரே இல்லாமல் இருக்கலாம். சிறிய கார்கள் விரைவாகக் கைமாறுகின்றன. மூன்றாவது, நான்காவது கையில் இருக்கும் காருக்குக் கடிதம் போய்ச் சேர்வது மிகவும் கடினம், அதிக ஆபத்தும் அந்தப் பழைய கார்களுக்குத்தான். ரீகால் என்பது காருக்கு உரியது. அதை யாரிடம் வாங்கினீர்கள், எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பதைக் காரணம் காட்டி அந்த வேலையை மறுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு எண்ணோடு போய்க் கேளுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது.

எத்தனை ஆண்டு பழைய கார் வரை இலவசம்?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் முதலில் விற்ற நாளிலிருந்து ரீகால் அறிவிப்பு வரை 15 ஆண்டுகளைத் தாண்டாத கார்களுக்கு இலவசமாகச் செய்துதரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முன்பு அது 10 ஆண்டாக இருந்து, 2015ல் கொண்டுவந்த சட்டத்தால் நீட்டப்பட்டது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021ல் நடைமுறைக்கு வந்த விதிகள் 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களைக் குறிக்கின்றன. வயது வரம்பைத் தாண்டிய கார்களுக்கும் தயாரிப்பாளர்கள் தாமாகவே செய்துதருவதுண்டு. எனவே கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

உதிரிபாகம் இன்னும் வரவில்லை என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

ரீகால் அறிவிப்பின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். “ஓட்ட வேண்டாம்” என்று இருந்தால் சர்வீஸ் சென்டருக்குக்கூட நீங்களே ஓட்டிச் செல்லாமல், வந்து எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். பிற அறிவிப்புகளில் இடைக்கால அறிவுரை ஒன்று இருக்கும். ஷெவ்ரலே போல்ட் என்ற சிறிய மின்சாரக் காரின் பேட்டரி தீப்பிடிக்கும் வாய்ப்பு தெரியவந்தபோது, 90 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம், பேட்டரியை அடியோடு தீரவிட வேண்டாம், சார்ஜ் முடிந்ததும் காரை வெளியே நிறுத்துங்கள், இரவு முழுக்க வீட்டுக்குள் சார்ஜில் விட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். தொல்லைதான், ஆனால் அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். உறங்குபவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

பாகம் வரும் நாளை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்ததற்கும் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டக் கூடாத நிலையில் மாற்றுக் கார் தருவார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. சில ரீகால்களில் தந்திருக்கிறார்கள்.

சர்வீஸ் சென்டரில் சொன்னால் போதாதா? அரசு அமைப்பிடமும் ஏன் புகார் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஷெவ்ரலே கோபால்ட் என்ற சிறிய காரின் கதையைத்தான் விடையாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரின் இக்னிஷன் சுவிட்சுக்குள் ஒரு சிறு உலோகத் தண்டும் அதைத் தள்ளிப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங்கும் இருந்தன. சாவியைத் திருப்பும்போது “டக்” என்று ஒவ்வொரு நிலையிலும் உட்கார்வது அவற்றால்தான். அந்த ஸ்பிரிங்கின் பிடி தேவையைவிடக் குறைவாக இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, மேடு பள்ளத்தில் கார் குலுங்கினாலோ, ஓட்டுபவரின் முழங்கால் தட்டினாலோ சாவி ஓடும் நிலையிலிருந்து ஒரு படி பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கான உதவியும் போகும், அவற்றைவிடக் கொடியது, ஏர்பேக்கும் செயலிழக்கும். அதாவது, கார் கட்டுப்பாட்டை இழக்கும் அதே கணத்தில், காப்பாற்ற வேண்டியதும் கைவிட்டுவிடும்.

கார் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்தே ஓடும்போது இன்ஜின் நிற்கிறது என்ற புகார்கள் இருந்தன. 2005 டிசம்பரில் அதன் தயாரிப்பாளரான ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் அறிவிப்பு அனுப்பி, சாவிக்கொத்தில் இருக்கும் கனமான பொருள்களை எடுத்துவிடச் சொல்லும்படி கூறியது. நின்றுபோவதை நிறுவனத்துக்குள் “வாடிக்கையாளர் வசதி” சார்ந்த பிரச்சினை என்றே வகைப்படுத்தினார்கள். பாதுகாப்புக் குறை என்று கருதவில்லை. 2006ல் சுவிட்சின் உள்பாகம் சத்தமில்லாமல் மாற்றப்பட்டது, ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. அதனால், பழைய கார்களில் ஏர்பேக் விரியாத விபத்துகள் நடக்கும்போது புதிய கார்களில் ஏன் நடப்பதில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஒரு விபத்து வழக்கில் பொறியியல் வல்லுநர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2007ல் நிட்ஸா அமைப்பும் விசாரணை தொடங்கலாமா என்று யோசித்து, ஒரே வகைக் குறை திரும்பத் திரும்ப வருவதாகப் புள்ளிவிவரங்களில் தெரியவில்லை என்று விட்டிருந்தது.

ரீகால் 2014 பிப்ரவரியில்தான் வந்தது. ஒரே சுவிட்சைப் பகிர்ந்துகொண்ட சாட்டர்ன் அயான், பான்டியாக் ஜி5 முதலிய கார்களையும் சேர்த்து எண்ணிக்கை சுமார் 26 லட்சமாக உயர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த இழப்பீட்டு நிதி, 124 மரணங்களை இந்தக் குறையால் நேர்ந்தவை என்று ஏற்றுக்கொண்டது.

ஒரே குறையை ஆயிரம் பேர் ஆயிரம் சர்வீஸ் மேசைகளில் வாயால் சொன்னால், அது ஆயிரம் இடங்களில் கரைந்துபோகும். பொதுப் பதிவேட்டில் எழுத்தாக விழுந்த புகாரை மட்டுமே பத்தாண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் பார்க்க முடியும். ஆகவே முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பிறகு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். அதே வாரத்தில் அரசு அமைப்பிடமும் பதியுங்கள். மூன்றும் தேவை.

புகாரை எப்படி எழுதுவது?

பலர் எழுதுவது இப்படி இருக்கும்: “கார் அடிக்கடி ஆஃப் ஆகிவிடுகிறது. பலமுறை சொல்லியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. தயவுசெய்து இந்தக் காரை யாரும் வாங்காதீர்கள்.” இதில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் படிக்கும் பொறியாளருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில் போகும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் இன்ஜின் நின்றது. ஸ்டீயரிங் இறுகியது. பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தன. ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது சாவி ஒரு படி பின்னால் திரும்பியிருந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து விலகிச் சென்றது. கார் ஓடிய தூரம் 42,000 கிலோமீட்டர். இது இரண்டாவது முறை. சர்வீஸ் சென்டரில் சோதித்துவிட்டுக் குறை எதுவும் பதிவாகவில்லை என்று ஜாப் கார்டில் எழுதிக்கொடுத்தார்கள்.”

இரண்டாவதில் வேகம் இருக்கிறது, சாலை இருக்கிறது, என்னென்ன செயலிழந்தன என்பது வரிசையாக இருக்கிறது. அந்த லாரியைப் பற்றிய ஒரு வரி முக்கியமானது, ஏனெனில் நின்றுபோனதால் யாருக்கு என்ன ஆபத்து நேர இருந்தது என்பதை அது சொல்கிறது. வசதிக்குறைவா பாதுகாப்புக் குறையா என்ற பிரிவு பெரும்பாலும் அந்த ஒரு வரியில் தீர்மானமாகிறது.

கண்டதை எழுதுங்கள், காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். “பெட்ரோல் பம்ப் போய்விட்டது” என்று எழுதினால் உங்கள் புகார் எரிபொருள் பிரிவில் போய் விழும், உண்மையில் அது மின்இணைப்புக் கோளாறாக இருந்தாலும். இன்ஜின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, ஏசி ஓடியதா, அண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பவற்றைச் சேருங்கள். சேசிஸ் எண்ணைத் தவறாமல் தாருங்கள். அது இல்லாத புகாரை எந்தத் தொகுதி உற்பத்தியைச் சேர்ந்தது என்று இணைத்துப் பார்க்க முடியாது. காரில் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய அலாரம், கூடுதல் விளக்கு, மாற்று டயர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு அது தெரியவந்தால் உங்கள் சொல்லின் எடை குறையும்.

சான்றுகளில், நீங்கள் சொன்ன குறையையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதித்தரும் ஜாப் கார்டுக்கு இணையானது வேறில்லை. சர்வீஸ் மேசையில் உட்காருபவர் “பொதுவான சோதனை” என்று மட்டும் எழுதப் பார்ப்பார். நீங்கள் சொன்ன குறையை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதும்படி பணிவாகக் கேட்டு, படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவைப்பதும் நல்லது. கோபால்ட்டின் உண்மை, பழைய பாகத்தைப் பிரித்துப் பார்த்ததால்தானே வெளிவந்தது? விபத்தோ தீயோ நேர்ந்திருந்தால், காரைப் பழுது பார்ப்பதற்கும் காயலான் கடைக்குத் தள்ளுவதற்கும் முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் விசாரணை முடியும் வரை காரை அப்படியே வைத்திருங்கள்.

எத்தனை புகார் வந்தால் ரீகால் அறிவிப்பார்கள்?

பெரும்பாலான நாடுகளில் இத்தனை என்று எண் கிடையாது. ஸ்டீயரிங் கழன்றுவிட்டது என்ற ஒன்றிரண்டு புகார்களே விசாரணையைத் தொடங்கப் போதுமானவை. கதவு ரப்பர் உரிவது பற்றி ஆயிரம் வந்தாலும் தொடங்காது. இந்தியாவின் 2021 விதிகள் மட்டும், விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பப் புகார்களின் அளவை வரையறுத்துவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் புகார்களைப் பிரித்துப் பார்த்து, முதற்கட்ட மதிப்பீடு, பிறகு பொறியியல் ஆய்வு என்று படிப்படியாகப் போவார்கள். விசாரணை தொடங்கும்படி தனிநபரே மனுச் செய்யவும் அங்கே வழி இருக்கிறது. தயாரிப்பாளர் தானே குறையைக் கண்டுபிடித்துவிட்டால் 5 வேலைநாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

என் கார் நின்று நின்று உதறுகிறது. “ஓட்டும் முறைதான் காரணம்” என்கிறார்கள். இது ரீகாலுக்கு உரிய குறையா?

அந்த உதறல் ஆபத்தைக் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது. ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றி உலகின் பல பகுதிகளிலிருந்து புகார்கள் குவிந்தன. கிளம்பும்போது உதறுவது, தயங்குவது, திடீரென இழுவை இழப்பது என்று எழுதினார்கள். பெரும்பாலும் வாரண்டி நீட்டிப்பு, மென்பொருள் மாற்றம், கிளட்ச் மாற்றம், நீதிமன்ற வழக்கு என்றே அது போனது. ஆஸ்திரேலியாவில் உதறல் பற்றிச் சொன்னவர்களிடம் அவர்கள் ஓட்டும் முறையே காரணம் என்று சொல்லப்பட்டதும், புகார்கள் கையாளப்பட்ட விதமும் அந்நாட்டு நுகர்வோர் ஆணையத்தின் வழக்காக மாறி, 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஆகவே “உங்கள் ஓட்டும் முறை” என்ற விடையை வாயளவில் ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அதை எழுதித் தரும்படி கேளுங்கள்; சர்வீஸ் சென்டர் ஓட்டுநரையே அருகில் உட்காரவைத்து, குறை தோன்றும் அதே சூழலில் ஓட்டிக் காட்டுங்கள். உதறல் மட்டும் என்றால் நுகர்வோர் உரிமைச் சட்டமும் வாரண்டியும் உங்களுக்குரிய வழி. நாற்சந்தியைக் கடக்கும்போது இழுவை போகிறது என்றால் அது பாதுகாப்புப் புகார். அப்படியே பதிய வேண்டும்.

டீலருக்கு வரும் சர்வீஸ் அறிவிப்பும் ரீகாலும் ஒன்றா?

இல்லை. சர்வீஸ் அறிவிப்பு என்பது தெரிந்த ஒரு கோளாறை எப்படிச் சரிசெய்வது என்று மெக்கானிக்குகளுக்குத் தரும் குறிப்பு. புகாரோடு வருபவருக்கு மட்டும் செய்வார்கள், வாரண்டி முடிந்திருந்தால் கட்டணமும் உண்டு. ஆனால் அப்படி ஓர் அறிவிப்பு இருக்கிறது என்பதே, குறை தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. உங்கள் புகாரில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஒரு மாடலுக்கு நிறையப் புகார்களும் ரீகால்களும் இருக்கின்றன. அதை வாங்கலாமா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நன்றாக விற்கும் கார்கள் எல்லாமே மோசமாகத் தெரியும். லட்சக்கணக்கில் ஓடும் காருக்கு நூறு புகார் வருவதும், சில ஆயிரம் மட்டுமே விற்ற காருக்கு நூறு புகார் வருவதும் ஒன்றல்ல. புகார்களைத் திறந்து படியுங்கள். ஒரே பாகம், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர், ஒரே மாதிரி வாசகம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அங்கே உண்மையான குறை இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னால் அது பெரும்பாலும் வயதான கார்களின் பொதுவான தேய்மானம்.

ரீகால் வந்து வேலையும் முடிந்த காரைப் பற்றி நான் அஞ்சமாட்டேன். ஒரே வகையான புகார் ஆண்டுக்கணக்கில் குவிந்தும் ரீகால் வராத காரைப் பற்றித்தான் தயங்குவேன். பல பெயர்களில் விற்கும் சிறிய கார்களில் அடிப்பாகமும் சுவிட்சும் ஏர்பேக்கும் ஒன்றாகவே இருப்பதால், உடன்பிறப்பு மாடல்களின் புகார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரீகால் வேலை முடிந்த பிறகும் அதே குறை வருகிறது. என்ன செய்வது?

இது நடக்கக்கூடியதே. போல்ட் காருக்கு 2020 நவம்பரில் ரீகால் வந்து, அதன்படி மென்பொருள் மாற்றப்பட்டது. அந்த வேலை முடிந்த கார்களிலும் தீ நேர்ந்ததால், 2021 ஜூலையில் மீண்டும் ரீகால் அறிவித்து, பேட்டரி பகுதிகளையே மாற்றினார்கள். அடுத்த மாதம் அது எல்லா போல்ட் கார்களுக்கும் விரிந்து, எண்ணிக்கை சுமார் 1,42,000 ஆனது. பேட்டரிச் செல்லுக்குள் கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்புத் தாளும் ஒரே செல்லில் சேர்ந்து அமைவதே காரணம் என்று பின்னர் விளக்கப்பட்டது. முதல் தீர்வு போதாது என்பது வெளிவந்ததற்குக் காரணம் அந்த இரண்டாவது சுற்றுச் சம்பவங்கள் பதிவானதுதான். எனவே “ரீகால் வேலை முடிந்த காரில் மீண்டும்” என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டுப் புதிய புகாராகப் பதியுங்கள்.

ரீகாலுக்கு முன்பே சொந்தச் செலவில் அந்தப் பாகத்தை மாற்றிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பல ரீகால்களில் கிடைக்கும். பில்லும், எந்தக் குறைக்காக மாற்றினீர்கள் என்ற குறிப்பும் வேண்டும். அங்கீகரிக்கப்படாத பட்டறையில் செய்திருந்தாலும் விண்ணப்பித்துப் பாருங்கள். கடைசித் தேதி இருக்கும், அதைக் கவனியுங்கள்.

பழைய சிறிய கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சேசிஸ் எண்ணை வாங்கி, முடியாத ரீகால் உண்டா என்று பாருங்கள். விற்பவரே செய்து முடித்துத் தரட்டும் என்று கேட்பதில் தவறில்லை. அவருக்கும் செலவு இல்லை. அமெரிக்காவிலேயே, புதிய காரை ரீகால் முடிக்காமல் டீலர் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், பழைய கார் விற்பவருக்கு நாடளாவிய அப்படியொரு கட்டாயம் இல்லை. பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுக்குக்கூட 2016ல்தான் கட்டாயம் வந்தது. ரீகாலில் இருந்த வாடகைக் காரில் சென்ற இரண்டு சகோதரிகள் 2004ல் இறந்து, அவர்களின் தாய் பல ஆண்டுகள் போராடியதன் பயன் அது.

விபத்துக்குள்ளாகிச் சீர்செய்த கார் என்றால் ஏர்பேக்கை எங்கிருந்து எடுத்துப் பொருத்தினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். உடைத்த காரிலிருந்து எடுத்த பழைய ஏர்பேக், ரீகாலில் உள்ள இன்ஃப்ளேட்டரோடு உங்கள் காருக்குள் வந்திருக்கலாம். உங்கள் சேசிஸ் எண்ணைச் சோதித்தால் அது தெரியாது, ஏனெனில் அந்தப் பாகம் வேறொரு காருக்கு உரியது. சந்தேகம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஏர்பேக்கின் பாக எண்ணையே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; நீங்களாகவோ சாதாரணப் பட்டறையிலோ அதைக் கழற்ற முயலாதீர்கள்.

குழந்தை இருக்கை, டயர் இவற்றுக்கும் ரீகால் உண்டா?

உண்டு. அவற்றைக் காரின் சேசிஸ் எண்ணை வைத்துத் தேட முடியாது. குழந்தை இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும், டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் குறியீடும் வேண்டும். அந்தக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் வந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இருக்கையை வாங்கியதும் பதிவு அட்டையை நிரப்பி அனுப்பிவிட்டால், ரீகால் வரும்போது தயாரிப்பாளரே உங்களைத் தேடி அறிவிப்பார்.